தொட்டில் மீட்பு

ராஜதாஸ் வாத்தியார் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார். பிறகு குழந்தை பிறந்தது. முடிவு அன்றோடு முடிந்தது.

அப்போது பாறசாலை முழுக்க ஒரே பேச்சுதான். இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடேயே நிற்குமா? சந்தையில் மீன்காரி முதலில் அதைத்தான் கேட்பாள். சாளை என்ன விலை என்பது அப்புறம். ராஜதாஸ் கணக்கு வாத்தியார். கணக்குக்குப் பாஷை கிடையாது என்பதால்தான் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். சந்தை வரைக்கும் தமிழ் பேசுவார். ரயில்வே கேட்டைத் தாண்டினால் மலையாளம். கேட் அடைத்திருந்தால் வாயையும் அடைத்துக்கொள்வார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு மானேஜர் முத்துக்குமாரசாமி பிள்ளை. தமிழ்ப் பக்கத்தில் பெரிய ஆள். அவர் நின்றால் கூட்டம் சேரும். சேராவிட்டால் சேரும் வரைக்கும் நிற்பார். வாத்தியார் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் மோகனன். மலையாளப் பக்கத்தில் அவரும் சின்ன ஆள் இல்லை. சோறு ஒருத்தர் தயவு, கூரை இன்னொருத்தர் தயவு. நடுவில் நிற்காமல் என்ன செய்வார்?

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து சுகிர்தபாய் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். வாத்தியார் வீட்டில் பிள்ளை பிறந்ததும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டது.

முதலில் பிள்ளைவாளின் தொட்டில் வந்தது. ஈட்டி மரம். நாலு காலிலும் நாலு மயில். தலைமாட்டில் புது பெயின்டில் 'தமிழ் வாழ்க'. சுற்றிலும் வெண்கல மணிகள். நாலு பேர் தூக்கி வந்து, நிலையில் முட்டி, கதவையே கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். குழந்தையைக் கிடத்தி ஒரு ஆட்டு ஆட்டியதும் கோயிலில் தீபாராதனை நடப்பது மாதிரி மணியெல்லாம் அடித்தது. குழந்தை வீறிட்டது. எதிர் வீட்டு நாய் ஊளையிட்டது. பெயர்தான் தொட்டில், தொட்டால் ஊரே எழும்பியது.

அடுத்து மோகனனின் பரிசு. சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளை வண்டி. வெள்ளைப் பட்டுக் கூரை, கூரையைச் சுற்றி குஞ்சம், அடியில் ஸ்பிரிங், நாலு ரப்பர் சக்கரம். வண்டி ஓட ரோடு வேண்டும். வாத்தியார் வீடோ ரோட்டிலிருந்து வெட்டுக்கல் படியில் இறங்கிப் போகிற பள்ளத்தில் இருந்தது. படி முடிந்தால் கால் புதைகிற மணல். பிள்ளையைச் சவாரி கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டியை இரண்டு பேர் தூக்க வேண்டும். பிள்ளையை மூன்றாவது ஆள் தூக்க வேண்டும்.

குழந்தை இரண்டிலும் உறங்கவில்லை. சுகிர்தபாய் தன் பழைய பாலராமபுரம் சேலையை அடுக்களை உத்திரத்தில் தூளியாகக் கட்டினாள். அதில் போட்டதும் பிள்ளை கண்ணை மூடியது.

அதோடு விட்டதா? பரிசு கொடுத்தவர்கள் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். படியில் பிள்ளைவாளின் குடை தெரிந்தால் வாத்தியார் தூளிக்கு ஓடுவார்; பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் போடுவார்; வண்டியை அடுக்களைக்குள் தள்ளுவார். மோகனனின் செருமல் கேட்டால் பிள்ளை, வண்டிக்குப் போகும். 'தமிழ் வாழ்க'வின் மேல் பாய் விழும். உறங்குகிற பிள்ளையை இப்படி மாற்றி மாற்றிப் போட்டதில், படியில் காலடி கேட்டாலே அது அழ ஆரம்பித்தது.

ஒருநாள் குடையும் செருமலும் அடுத்தடுத்து வந்தன. பிள்ளைவாள் ஒரு படி இறங்குவதற்குள் மோகனன் மேலே ரோட்டில் நின்று யாரையோ கூப்பிட்டார். வாத்தியார் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார். நல்ல வேளையாக ஒருத்தரை ஒருத்தர் கண்டதும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வாத்தியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"சுகிர்தம், நான் ஒரு தீர்மானம் எடுத்திட்டேன்."

"எடுத்தத அங்கண வச்சிட்டு, இந்தத் தேங்காய உடச்சுத் தாருங்க."

"வெளையாடாத. அந்த ரெண்டு சாமானும் இனி இந்த வீட்டுல இருக்கப்பிடாது. கடத்தணும்."

சுகிர்தபாய் அரைப்பதை நிறுத்தினாள். "எங்க கடத்துவியளாம்?"

"கடக்கரைக்கு, காரோட்டுக்கு. உனக்க தம்பி யோசுவாக்க காளவண்டி உண்டுல்லா? அதுல ஏத்தி, அவனுக்க வலைப் புரையில கொண்டு போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

"தந்தவிய கேட்டா?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்."

"என்ன வழியாக்கும்?"

"உனக்குச் சொன்னா வெளங்காது. அது அரசியலாக்கும்."

சுகிர்தபாய் மறுபடியும் அரைக்க ஆரம்பித்தாள். "செரி. அரசியல நீங்க பாருங்க. வண்டிய நான் பாக்கேன்."

பத்து வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக 'செரி' சொன்னதே இல்லை. வாத்தியாருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கணக்கில் புலி.

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு காலி. காற்று முன்வாசலில் வந்து பின்வாசலில் போனது. வாத்தியார் கையை வீசி நடந்து பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை. இப்படி ஒரு சுகத்தை அவர் சம்பளத்தன்று கூட அனுபவித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைவாள் பள்ளிக்கூட வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, பிள்ள தொட்டில்ல நல்லா உறங்குதா?"

வாத்தியார் தலையைத் தாழ்த்தினார். இதற்குத்தான் அவர் ஒத்திகை பார்த்திருந்தார். "அத எப்படிச் சொல்லுவேன் ஐயா? போலீசு வந்துது. வீடு பூராவும் தேடினாவ. தலைமாட்டுல எழுதியிருந்தத வாசிச்சாவ. தொட்டிலத் தூக்கிட்டுப் போயிட்டாவ."

எல்லாருடைய வீட்டிலும் போராட்ட நோட்டீஸ் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. நம்பத்தக்க பொய். பிள்ளைவாள் பயந்து, 'செரி வாத்தியாரே, வெளிய சொல்லாதயும்' என்று விட்டுவிடுவார் என்பது வாத்தியாரின் கணக்கு.

பிள்ளைவாளின் மீசை துடித்தது. "பச்சப் பிள்ளைக்க தொட்டிலையா?"

"ஆமா ஐயா. போட்டும். நான் பொறுத்துக்கிடுதேன்."

"நீரு பொறுப்பீரு வே! தமிழன் பொறுப்பானா?"

வாத்தியாரின் கணக்கு தப்பியது. ஆனால் திட்டத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. மத்தியானம் மோகனன் வழியில் மறித்தார்.

"எந்தா சாறே, கொச்சு வண்டியில சுகமாயிட்டு உறங்ஙுந்நுண்டோ?"

"வண்டி போச்சு மோகனண்ணா. தமிழ்ச் சமரக்காரங்க வந்து கேட்டாவ. ஊர்வலத்துல கொடி வச்சுத் தள்ளிட்டுப் போகணுமாம். நான் மாட்டேண்ணு சொல்லியும் கொண்டு போயிட்டாவ."

"என்றெ வண்டியிலோ அவன்மாருடெ கொடி?" மோகனன் முண்டை மடித்துக் கட்டினார். "சாறு பேடிக்கண்டா. ஞான் நோக்கிக்கொள்ளாம்."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? சாறு பேடிக்கத்தான் செய்தார். சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டு பட்டது. சந்தை முக்கில் பிள்ளைவாளின் ஆட்கள் தட்டி எழுதி வைத்தார்கள்: 'ஞாயிறு மாலை தொட்டில் மீட்புக் கண்டனக் கூட்டம். தொட்டிலைப் பறிகொடுத்த தகப்பனார் நேரில் தோன்றுவார்.' மறுபக்கம் மோகனன் ஒரு பட்டாளத்தோடு கிளம்பி, சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் நிறுத்திச் சோதித்தார். சாணை பிடிக்கிறவனின் வண்டி மாட்டியது. ஐஸ் வண்டி மாட்டியது. விசாரணை முடிவதற்குள் ஐஸ் உருகிப் போனது.

"கேட்டியளா," என்றாள் சுகிர்தபாய், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "நமக்கு மீட்பர்ணு ஒருத்தரு தான் உண்டுண்ணு நெனச்சேன். இப்பம் தொட்டிலுக்கும் ஒரு மீட்பரு வந்திருக்காரு."

"கேலி பண்ணாத! மேடையில ஏறினா மோகனன் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான். ஏறாட்டா பிள்ளைவாள் வேலயக் காலி பண்ணுவாரு."

"அரசியல் எனக்கு வெளங்காதுண்ணு தானே சொன்னிய?"

வாத்தியாருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சாமான்களைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். 'கிடைத்துவிட்டது' என்று சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே சைக்கிளை மிதித்தார். காரோட்டில் யோசுவா கடற்கரையில் உட்கார்ந்து வலையின் கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"யோசுவா, மக்கா, அந்தத் தொட்டிலயும் வண்டியயும் எடு."

"எந்தத் தொட்டிலு அத்தான்?"

"எலே, நீ உனக்க வண்டியில ஏத்திட்டு வந்தியே!"

"ஏத்தினேன். அக்கா சொன்ன எடத்துல எறக்கினேன். இஞ்ச கொண்டு வரேல்ல."

வாத்தியார் மணலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க எறக்கின?"

"அத சொல்லப்பிடாதுண்ணு அக்கா சொல்லியிருக்கா."

"நான் உனக்க அத்தானாக்கும்!"

"அதுனால தான் அத்தான், ஒங்க கிட்ட முக்கியமா சொல்லப்பிடாதுண்ணா."

திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்தாரா, சைக்கிள் அவரை மிதித்ததா என்று அவருக்கே தெரியாது. வீட்டில் நுழைந்ததும், "எங்க கொண்டு போட்ட?" என்றார். சத்தமாகக் கேட்கத்தான் நினைத்தார். பிள்ளை உறங்கிக்கொண்டிருந்ததால் காற்றுதான் வந்தது.

"எங்க இருக்கணுமோ அங்க தான் இருக்கு. கஞ்சி ஆறிப்போவும், குடியுங்க."

"நாளைக்கு என்னய மேடையில ஏத்துவாவ சுகிர்தம்!"

"அது நாளைக்குல்லா? இண்ணைக்குக் கஞ்சி குடியுங்க."

ஞாயிற்றுக்கிழமை. வேதக்கோயில் ஆராதனையில் வாத்தியார் முழங்கால் போட்டவர் எழும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, அதற்குள் படியில் குடை தெரிந்தது. குடைக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"நான் இல்லண்ணு சொல்லு!" வாத்தியார் அடுக்களை வழியாகப் பாய்ந்து பின்னால் இருந்த விறகுப் புரைக்குள் நுழைந்து, ஓலைக் கட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஓலை இடுக்கு வழியாக முன்வாசல் கேட்டது.

"சுகிர்தம்! வாத்தியார் எங்க?" பிள்ளைவாளின் குரல்.

"இப்பம் வருவாரு ஐயா. இருங்க."

"அவருட்ட சொல்லு. செயிச்சிட்டோம்! தொட்டில் கெடச்சிட்டு!"

வாத்தியாரின் தலை ஓலைக்கு மேலே வந்தது.

"அப்பிடியா ஐயா? எப்பிடி?" சுகிர்தபாயின் குரலில் அவ்வளவு ஆச்சரியம்.

"போலீசு நடுங்கிப் போச்சு. கூட்டம்ணு தட்டியக் கண்டதும் விடியதுக்கு முன்ன கொண்டு வந்து எனக்க வீட்டு நெல்லறையில வச்சிட்டு ஓடியிருக்கானுவ. எனக்க வீட்டுக்காரி மரகதவல்லி கண்ணால கண்டா! சத்தம் கேட்டு நான் எழும்பதுக்குள்ள ஓடிட்டானுவளாம்."

வாத்தியாருக்குப் புரியவில்லை. தான் சொன்ன பொய், தன்னைக் கேட்காமலே எப்படி நிஜமானது? யோசிப்பதற்குள் பின்னால் செருமல் கேட்டது. வீட்டுச் சொந்தக்காரருக்குப் பின்வழி தெரியாதா? மோகனன் தென்னந்தோப்பு வழியாக இறங்கி வந்து விறகுப் புரையில் எட்டிப் பார்த்தார்.

"எந்தா சாறே இவிடெ?"

"ஓல... ஓல எண்ணுதேன்."

"அதொக்கெ பின்னெ எண்ணாம். வண்டி கிட்டி!" மோகனன் நெஞ்சைத் தட்டினார். "என்றெ பேரு கேட்டப்போ அவன்மாரு விறச்சு. ராவிலே நோக்கும்போ எங்க வீட்டு மாட்டுத் தொழுத்தில வண்டி நிக்குந்நு. என்றெ பார்ய ஓமனா கண்டு, ரெண்டு பேரு ஓடுந்நது. இப்பத்தன்னெ கொண்டு வந்நு தராம்."

வண்டி திரும்பி வந்தால் பழைய கதை. என்ன சொல்வது? அப்போது முன்வாசலிலிருந்து சுகிர்தபாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வேண்டாம் ஐயா. இஞ்ச கொண்டு வந்தா மறுபடியும் வருவானுவ."

"வேண்டாம் மோகனண்ணா," என்றார் வாத்தியார். "இஞ்ச கொண்டு வந்தா மறுபடியும் வருவானுவ."

"உங்க வீட்டுலண்ணா தொடதுக்கு ஒருத்தனுக்கும் தைரியம் வராது," என்றது முன்வாசல்.

"உங்க வீட்டுலண்ணா தொடதுக்கு ஒருத்தனுக்கும் தைரியம் வராது," என்றது விறகுப் புரை.

"நம்ம பிள்ள பேருல அது உங்க வீட்டுலயே இருக்கட்டு."

"நம்ம பிள்ள பேருல அது உங்க வீட்டுலயே இருக்கட்டு."

முன்னால் பிள்ளைவாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் மோகனனின் கண்ணும் கலங்கியது. "சாறு வலிய மனுஷனாணு," என்று தோளைத் தட்டிவிட்டு அவர் தோப்பு வழியாகவே போனார்.

முன்வாசலில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "கூட்டம் உண்டும்மா. கண்டனக் கூட்டம் வெற்றிக் கூட்டமாச்சு. வாத்தியார் ரெண்டு வார்த்தை பேசணும்."

"அதுல தான் ஒரு சங்கடம் ஐயா. நேத்து கடக்கரக் காத்துல சைக்கிள் மிதிச்சதுல அவருக்குத் தொண்ட கெட்டிப் போச்சு. பேச்சே வரமாட்டேங்கு."

"பாவம். வீட்டுலயே இருக்கட்டும். அவருக்காக நானே சேத்துப் பேசிருதேன்," என்றார் பிள்ளைவாள். குடை படியேறிப் போனது.

வாத்தியார் உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். வேலை போகவில்லை. வீடு போகவில்லை. மேடை மட்டும்தான் போனது. பத்து நாள் காய்ச்சல் ஒரே நிமிஷத்தில் இறங்கியது மாதிரி இருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சுகிர்தம், இது எப்பிடி?"

சுகிர்தபாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தொட்டில் வந்த மறுநாளே மரகதவல்லி அம்மா வந்தாவ. அது அவியளுக்க அம்ம வீட்டுத் தொட்டிலு. மூணு பிள்ளையும் அதுல தான் வளந்துது. இப்பம் மகளுக்குப் பேறு அடுத்திருக்கு. பிள்ளைவாள் ஒரு வார்த்த கேக்காமத் தூக்கித் தந்திட்டாரு. திருப்பிக் கேட்டா வீட்டுக்காரருக்குக் கொறச்சலு, கேக்காட்டா மகளுக்குத் தொட்டில் இல்லண்ணு எனக்க மடியில கெடந்து அழுதாவ."

"வண்டி?"

"அது ஓமனா சேச்சிக்க கூடப்பொறந்தவன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்பினது. மில்லுல இருந்து அரி மூட்ட கொண்டு வரதுக்கு அவியளுக்கு அது இல்லாம முடியாதாம். அவியளும் அழுதாவ. ரெண்டு பேருக்கும் திருப்பித் தாறேண்ணு சொல்லிட்டேன். ஒங்க கிட்ட எப்பிடிச் சொல்லதுண்ணு இருந்தப்பம், நீங்களே வந்து காளவண்டி கேட்டிய."

வாத்தியார் யோசித்தார். தொட்டில் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைவாள் வீட்டு நெல்லறையில்தான் இருந்திருக்கிறது. அதைப் பறித்தவர்களை எதிர்த்து அவர் அதே வீட்டு முற்றத்தில் நின்று முழங்கியிருக்கிறார். ஊரின் எல்லை எங்கே என்று அவருக்கு விரல்நுனியில் தெரியும். நெல்லறை எங்கே என்று தெரியாது.

"போலீசு ஓடினதும் சமரக்காரன் ஓடினதும்?"

"நீங்க காரோட்டுக்குப் போன நேரம் பாத்து ரெண்டு வீட்டுக்கும் போய் சொல்லிக் குடுத்தேன். பின்ன? நீங்க வாய வச்சிட்டு சும்மா இருந்திருந்தா, மெதுவா அவியளே வீட்டுல சொல்லி முடிச்சிருப்பாவ. நீங்க தான் அரசியல் பாத்தியளே."

வாத்தியாருக்கு ரோஷம் வந்தது. பயம் போனதும் வருகிற ரோஷம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பிடியானாலும் சாமான வீட்ட விட்டுக் கடத்தணும்ணு மொதல்ல தீர்மானம் போட்டது நானாக்கும். இப்பம் பாரு, வீட்டுல ஒண்ணும் இல்ல. ஒரு தொல்லையும் இல்ல."

"ஆமா," என்றாள் சுகிர்தபாய்.

அப்போது படியில் ஏதோ அடியெடுத்து இறங்குகிற சத்தம். மனிதக் காலடி இல்லை. எட்டிப் பார்த்தார். யோசுவா முன்னால் வந்தான். அவன் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைப் பசு, கன்றோடு. பின்னால் ஒருத்தன் தலையில் வைக்கோல் கட்டு.

"அத்தான், எங்க கெட்டணும்?" என்றான் யோசுவா.

வாத்தியார் பசுவைப் பார்த்தார். பசுவும் வாத்தியாரைப் பார்த்து, ஏதோ தெரிந்த ஆளிடம் கேட்பது மாதிரி 'ம்மா' என்றது.

"இது என்ன சுகிர்தம்?"

"பிள்ளைக்குப் பரிசு. தொட்டிலும் வண்டியும் போன எடத்துல இருந்து வந்தது." சுகிர்தபாய் தம்பியின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, அதைப் புருஷனின் கையில் சுற்றி வைத்தாள். "பசு மரகதவல்லி அம்மாக்க வக. வைக்கோல் ஓமனா சேச்சிக்க வக. புல்லறுக்கது நம்ம வக. நம்மண்ணா, நீங்க."